ஏழாம் குழியில் நான் சொன்ன களி

நான் வேலை பார்த்த நில அளவைக் கந்தோரில் இப்போது ஒரு பிள்ளை அளவையாளராக வந்திருக்கிறாள். போன வாரம் எனக்குப் போன் எடுத்தாள். "ஐயா, பழைய பைல் ஒண்ணு கெடைச்சிச்சிங்க. ஃபீல்ட் புக்குல ஒரு பக்கத்துல மூணு எடத்துல களின்னு எழுதி வெட்டியிருக்கு. மேல சரளைன்னு எழுதி, பக்கத்துல ரெண்டு கையெழுத்து. ஒண்ணு உங்களுது. ஏன் வெட்டுனீங்கன்னு எங்கயுமே எழுதல்லியே?"

ஞாபகம் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது பொய். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொன்ன எத்தனையாவது பொய் என்று எனக்கே தெரியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரின் உண்மைப் பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பரணதொட்ட என்று வைத்துக்கொள்வோம். சிங்களத்தில் பழைய துறை என்று அர்த்தம்.

அப்பா றப்பர் வெட்டினார், அம்மாவும் வெட்டினார். எனக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு என்பதால் சங்கிலி பிடிக்கவும் முளை சுமக்கவும் கந்தோரில் எடுத்தார்கள். முளை சுமந்தது ஆறு வருஷம், அளவுகோல் பிடித்தது எட்டு வருஷம். அதன் பிறகு ஓகர் என் கைக்கு வந்தது. ஓகர் என்பது மண்ணைத் துளைக்கிற இரும்பு. நுனி திருகு போல இருக்கும், மேலே குறுக்குப் பிடி. பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். அடிக்கு ஒரு தரம் வெளியே இழுத்து, ஒட்டியிருக்கும் மண்ணைச் சாக்கில் வரிசையாக வைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டினால் புழு மாதிரித் திரண்டு வருவது களி. உதிர்ந்தால் மணல். சரளையை உருட்டவே தேவையில்லை. கீழே கறுக் என்று கடிக்கும், அந்தக் கடி கம்பி வழியாக முழங்கை வரைக்கும் வரும்.

என் மேலதிகாரி நவரத்தினம் சேர். யாழ்ப்பாணத்து மனிதர், எங்கள் மலைப்பக்கத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். சத்தம் போடமாட்டார். சத்தம் போடாததுதான் பயம். நான் மண்ணின் பெயரை இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்பார், இரண்டாம் தடவைதான் எழுதுவார். எழுதினதை அழிறப்பரால் அழிக்கக் கூடாது. பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். "பிழை விட்டதும் தெரிய வேணும், திருத்தினதும் தெரிய வேணும்" என்பார். ஒருநாள் புதிதாக வந்த ஒருவன் நகத்தால் ஓர் எண்ணைச் சுரண்டிவிட்டான். அவனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அளந்த முழுத் தோட்டத்தையும் மறுநாள் திரும்ப அளக்க வைத்தார்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்து மேல்லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிர் போகவில்லை. லயம், அந்த வரிசை வீடு முழுக்க, போய்விட்டது. முப்பத்தாறு குடும்பம் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அதில் என் தங்கச்சி பாக்கியமும் ஒருத்தி. அவள் மாப்பிள்ளை கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றார். இவள் இரண்டு பெண்பிள்ளைகளோடும் கண் தெரியாத மாமியாரோடும் ஐந்தாம் வகுப்பறையின் ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்துக் குடித்தனம் நடத்தினாள். உடுப்பு மாற்றுவதென்றால் பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி சேலையை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தோட்டத்தில் இவர்களுக்கு வீடு கட்டக் காணி கொடுத்தார்கள். பரணதொட்டவில், ஆற்றோரமாக, உள்ளங்கை மாதிரித் தட்டையான புல்தரை. ரோட்டுக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் பக்கம். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பேர்ச் இடம்கூட விடாமல் மலை முழுக்க றப்பர் நட்ட பழைய துரைமார் இந்த நல்ல தரையில் மட்டும் ஏன் ஒரு கன்றுகூட நடவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காணிக்கு மேற்கே ஒரு மேடு. மேட்டிலிருந்து கருங்கல் படிகள் இறங்கி வரும். அகலமான படி, நாலு பேர் மூட்டையோடு பக்கம் பக்கமாக இறங்கலாம். முப்பது படிக்குக் குறையாமல் இறங்கி, கடைசியில் புல்லுக்குள் முடிந்துவிடும். அங்கே நீரும் இல்லை, வழியும் இல்லை. படிக்குப் பக்கத்தில் மூன்று கல் தூண். தூணில் கழுத்தளவில் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கும். கயிறு தேய்த்த தடம் என்று நவரத்தினம் சேர்தான் எனக்குக் காட்டினார். அந்தத் தூணில் ஒரு காலத்தில் ஓடம் கட்டியிருக்கிறார்கள். ஆறோ அங்கிருந்து கிழக்கே இருநூறு மீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது.

மண் சோதிக்க நாங்கள் போனது ஆவணி மாதம். பன்னிரண்டு குழி போட வேண்டும். ஆறு குழி வரைக்கும் களிதான் வந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சேருக்கு முழங்கால் வாதம், ஈரத்தில் எழுந்து நடக்கமாட்டார். மரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்து, குடைக்குள் புத்தகத்தை விரித்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் முப்பது காலடித் தூரம் இருக்கும். வழக்கமாக அவர் எழுந்து வந்து சாக்கில் இருக்கும் மண்ணைப் பார்ப்பார். அன்றைக்கு வரவில்லை.

ஏழாம் குழியில் பத்தடியில் கறுக் என்று கடித்தது.

பிடியைச் சுற்றுவதை நிறுத்தினேன். வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் களிக்குக் கீழே ஆற்றுச் சரளை கிடைத்தால் அதற்கு இல்லம என்று பெயர். மாணிக்கக்கல் இருந்தால் அதற்குள்தான் இருக்கும். இல்லம இருக்கிறது என்று காதும் காதும் வைத்த மாதிரிச் சொன்னால்கூடப் போதும், விடிவதற்குள் கல்லுக்குழி முதலாளிமார் வந்து நிற்பார்கள். பிறகு அந்தக் காணி ஏழைக்குக் கிடைக்காது. பத்திரம் மாறும், பேச்சு மாறும், வீட்டுத் திட்டம் காற்றில் பறக்கும். அப்படிப் பறந்த காணிகளை நானே அளந்திருக்கிறேன்.

அன்றைக்கும் ஒரு முதலாளியின் ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வரம்பில் நின்று மழையில் நனைந்துகொண்டே என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மொகத ஹம்புனே?" என்று கேட்டான். என்ன கிடைத்தது என்று.

"மெட்டி விதரய்" என்றேன். வெறும் களிதான்.

அதே நேரம் மரத்தடியிலிருந்து சேரின் குரல் வந்தது. "ஏழு. பத்தடி. சொல்லும்."

அவனும் கேட்டுக்கொண்டு நிற்கிறான், தமிழும் அவனுக்கு விளங்கும். அவனிடம் ஒன்றும் சேரிடம் ஒன்றும் சொல்ல முடியாது. ஓகர் நுனியில் ஒட்டியிருந்த சரளையைக் கட்டைவிரலால் வழித்து மழைத்தண்ணீர் ஓடிய காணுக்குள் விட்டேன். "களி" என்றேன். கொஞ்சம் சத்தமாக, இரண்டாம் தடவையும், "களி" என்றேன். சேர் எழுதிக்கொண்டார். எட்டாம் குழியிலும் சரளை, ஒன்பதிலும் சரளை. அவன் போகவில்லை. மூன்றுக்கும் களி என்றே சொன்னேன். பத்தாம் குழியில் உண்மையிலேயே களி வந்தபோது எனக்கு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஜீப்பில் போகும்போது சேரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஜீப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்றது. பாக்கியம் கோப்பையில் தேத்தண்ணி கொண்டு ஓடி வந்தாள். "காணி சரிதானுங்களே சேர்? எங்களுக்குத்தானுங்களே?" என்று அவரிடமே கேட்டாள். "நல்ல களி. உங்கட அண்ணர் சொல்லியிருக்கிறார்" என்றார் சேர். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நான் வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஐப்பசியில் அத்திவாரம் வெட்டினார்கள், தையில் கூரை போட்டார்கள். என் மனதில் அது பொய்யாகவே இருக்கவில்லை, சனங்களுக்குச் செய்த உபகாரமாக இருந்தது. முதலாளிமாரை ஏமாற்றி முப்பத்தாறு குடும்பத்துக்கு நிலம் காப்பாற்றிக் கொடுத்தவன் என்று உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம். சேர் மேசையில் ஒரு பெரிய தாளை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பரணதொட்டவை அவர் தன்பாட்டுக்குப் பல வருஷமாக வரைந்துகொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கந்தோர் வேலையில்லை, அவருடைய சொந்தப் பைத்தியம்.

"அந்த ஊரில மூண்டு தெரு இருக்குது. மேல்தெரு, நடுத்தெரு, கடைத்தெரு. மூண்டும் அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்குது. ஏன் எண்டு எப்பவாவது யோசிச்சனீரோ?"

"ரோடு போட்டவன் குடிச்சிட்டுப் போட்டுருப்பான் சேர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மூண்டும் ஆத்தங்கரை" என்றார். பென்சிலால் ஒவ்வொரு தெருவையும் தடவிக் காட்டினார். முதலில் ஆறு மேட்டடியிலேயே ஓடியிருக்கிறது. அப்போது மேல்தெருதான் பட்டினம். கல் படி, தூண், பண்டகசாலை எல்லாம் அங்கே. பிறகு ஒரு வெள்ளத்தில் ஆறு கிழக்கே நகர்ந்தது. கொஞ்ச நாளில் வணிகர்கள் புதிய கரையில் நடுத்தெருவைக் கட்டிக்கொண்டு போனார்கள். பழைய கரை குயவருக்கும் கூலிக்காரருக்கும் விடப்பட்டது. ஆறு இன்னொரு தரம் நகர்ந்தது, கடைத்தெரு வந்தது. ஒவ்வொரு தரமும் காசுள்ளவன் தண்ணீருக்குப் பின்னால் போனான், இல்லாதவனுக்கு ஆறு கைவிட்ட தரை கிடைத்தது. "ஆறு ஊரை விட்டுப் போகேல்ல. ஊர்தான் ஆத்துக்குப் பின்னால நடந்து திரிஞ்சது" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன் நான். வளைவுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றினதேயில்லை.

"ஆனா ஒண்டு பிழைக்குது" என்றார். மூன்று வளைவையும் வடக்கே நீட்டிக் காட்டினார். மலை இடுக்கிலிருந்து ஆறு வெளியே வருகிற இடத்தை நோக்கி மூன்றும் போயின. போகிற வழியில் மூன்றும் ஒரே தரையைத் தாண்டின. "மூண்டு தரமும் ஆறு இந்த இடத்தாலதான் போயிருக்க வேணும். இது உங்கட வீட்டுக் காணி. அங்க கீழ சரளை இருந்திருக்க வேணும். இருந்தா அதில ஒரு வீடு கட்டவும் நான் விட்டிருக்கமாட்டன், ஆறு பழைய வழியை மறக்காது. ஆனா நீர் களி எண்டு சொன்னீர்." தாளைச் சுருட்டத் தொடங்கினார். "நான்தான் பிழையா யோசிச்சிட்டன் போல. இத்தனை வருஷம் வீண்."

தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அதுவரைக்கும் எனக்குச் சரளை என்றால் மாணிக்கம் மட்டும்தான். ஆறு ஓடின தடமும் அதுவே என்று முப்பது வருஷம் மண்ணை அளந்தவனுக்கு உறைக்கவில்லை. முதலாளிக்குப் பயந்து மறைத்தேன். ஆறு இருந்ததையும் சேர்த்தே மறைத்திருக்கிறேன்.

"சேர், அது களி இல்லீங்க" என்றேன்.

அவர் சுருட்டின கையை நிறுத்தினார். "எத்தினை குழி?"

"மூணுங்க சேர். ஏழு, எட்டு, ஒம்பது."

"ஆழமும் பொய்யோ?"

"ஆழம் பொய் இல்லீங்க. சொல்லு மட்டுந்தான்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். முதலாளியின் ஆள், பாக்கியம், பள்ளிக்கூடத்துச் சேலை மறைப்பு, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே அலுமாரியைத் திறந்து ஃபீல்ட் புத்தகத்தை எடுத்தார். மூன்று களியையும் ஒவ்வொரு கோட்டால் வெட்டினார். மேலே சரளை என்று எழுதினார். தன் கையெழுத்தை வைத்தார். பேனையை என் பக்கம் நீட்டினார். என் கையெழுத்தையும் வைத்தேன். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயது போன காலத்தில் கந்தோரில் நின்று அழுதேன்.

"பிழை என்ரயும்தான்" என்றார். "நான் எழும்பி வந்து சாக்கைப் பாத்திருக்க வேணும்." மேலிடத்துக்கு எழுதின கடிதத்திலும் அப்படியே எழுதினார். அதற்காக அவர் பட்ட பாட்டை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கிழமையே ஏழாம் குழியைத் திரும்பவும் போட வேண்டியிருந்தது, எல்லோருக்கும் முன்னால். வீடுகள் வெள்ளையடித்து வரிசையாக நிற்கின்றன. முப்பத்தாறு குடும்பமும் வந்து சுற்றி நின்றது. தோட்டத்துச் சங்கத் தலைவர் முன்னால் நின்றார். முதலாளியின் அதே ஆள் அதே வரம்பில் நின்றான். ஓகரை இறக்கினேன். பத்தடியில் கறுக் என்றது. சரளையை எடுத்துச் சாக்கில் வைத்தேன். உருண்டைக் கற்கள், பால் நிறம், சாம்பல் நிறம். "சரளை" என்று இரண்டு தடவை சொன்னேன்.

கூட்டம் கிட்ட வந்து சாக்கைப் பார்த்தது. பிறகு தலைவர் கேட்டார். "அன்னைக்குக் களின்ன, இன்னைக்குச் சரளைங்கிற. முதலாளி எவ்வளவு குடுத்தான்?"

நான் பதில் சொல்வதற்குள் பாக்கியம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். என் காலடியில் போட்டாள். "எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேண்ணே" என்றாள். "வீடு கட்டி முடிச்சப்புறமா வந்து சொல்லுற? இந்தக் கல்லை எந்த ஆத்துலருந்து அள்ளியாந்து போட்ட?"

"இல்ல பாக்கியம், இங்க ஆறு ஓடியிருக்கு. திரும்பவும் வரும்."

"எங்கப்பா காலத்துலருந்து வரல. ஒனக்காக வருமா?"

வீட்டுச் சாவிகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி மூடி போட்டு வைக்கச் சொன்னார் சேர். கீழே தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க. விசாரணை நடந்தது, எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அது பெரிய விஷயமில்லை. பாக்கியம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் பதினொரு குடும்பம் பூட்டை உடைத்துக்கொண்டு அந்த வீடுகளில் குடிபுகுந்தது. முதல் பூட்டை உடைத்தது என் தங்கச்சி என்று சொன்னார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு வருஷம் சேலைக்குப் பின்னால் குடித்தனம் செய்தவள்.

வைகாசியில் மழை தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் கந்தோருக்குள் நுழையும்போதே சேர் ஜன்னலடியில் நின்றார். "மலையில நிறையப் பெய்திருக்குது. நீர் உடன பரணதொட்டவுக்குப் போம்" என்றார்.

"நான் சொன்னா யாருங்க சேர் நம்புவாங்க?"

"ஒண்டும் சொல்லாதையும். குழாயைக் காட்டும். மேல மலை இடுக்கில ஆறு ஏறினா, கீழ சரளைக்குள்ளால அந்தத் தண்ணி முதல் வரும். கரைக்கு மேலால பிறகுதான் வரும்."

த்ரீவீல் பாதி தூரம்தான் போனது. மீதியை நடந்தேன். போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். ஆறு சிவப்பாக ஓடியது. ஆனால் கரைக்கு மூன்றடி கீழேதான் இருந்தது. ஆட்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைக் கண்டதும், "வாங்க, ஆத்தைக் கூட்டியாந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கியம் வாசலில் முறத்தோடு நின்றாள். நான் அவளிடம் அளவு நாடாவை நீட்டினேன். நாடாவின் நுனியில் ஈயக்குண்டு கட்டியிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே அளந்து பாரு. அளந்துட்டு வெரட்டு, போயிர்றேன்."

என்னைப் பார்க்காமலே நாடாவை வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் குழாயின் மூடியைக் கழற்றி, குண்டை இறக்கினாள். சளக் என்ற இடத்தில் நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். நாலடி கீழே தண்ணீர். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப இறக்கினாள். மூன்றடிக்கும் குறைவு. ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆறு அதே இடத்தில்தான் நின்றது. "மழைத்தண்ணி உள்ள போயிருக்கும்" என்றாள். அவளே மூடியை இறுக்கி மூடி, மேலே முறத்தையும் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு கால் மணி நேரம் காத்து நின்றோம். உள்ளே மாமியார், "யாருடி அது?" என்று கேட்டார். பாக்கியம் குழாயடியிலேயே நின்றாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் தடவை அவள் முறத்தை எடுத்தபோது குழாயின் மூடி தானாக எழும்பிக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றித் தண்ணீர் வழிந்தது. மழைத்தண்ணீர் இல்லை, சிவப்பு. ஆற்றின் நிறம்.

பாக்கியம் அந்தத் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். நாடாவை என் கையில் திணித்தாள். "கெழவியைத் தூக்கு" என்றாள். அதற்குப் பிறகு வீடு வீடாக ஓடியது அவள்தான். நான் சொல்லியிருந்தால் ஒருத்தரும் அசைந்திருக்கமாட்டார்கள். அவள் சொன்னதும் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஓடுவதற்கு மேற்கே ஒரே ஒரு வழிதான் இருந்தது. மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு அந்தக் கருங்கல் படிகளில் ஏறினேன். முன்னால் பிள்ளைகள், பின்னால் ஆடுகள். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தவர்கள் ஓவென்று கத்தினார்கள்.

எல்லோரும் கிழக்கே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு வடக்கிலிருந்து வந்தது. மலை இடுக்கில் கரையை உடைத்துக்கொண்டு, ஒரு தயக்கமும் இல்லாமல், வீடுகளுக்குப் பின்பக்கமாக நேரே வந்தது. முதல் வரிசைச் சுவர் விழுந்த சத்தம் மேட்டுக்குக் கேட்டது. அரை மணி நேரத்துக்குள் நாங்கள் ஏறி வந்த படியில் எட்டுப் படி தண்ணீருக்குள் போய்விட்டது. மூன்று தூண்களும் ஆற்றில் நின்றன. பதினொரு குடும்பத்திலும் ஆள் எண்ணிப் பார்த்தோம். ஒருத்தரும் குறையவில்லை. திரும்பவும் எண்ணச் சொன்னாள் பாக்கியம். திரும்பவும் எண்ணினோம்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடிந்த பிறகு நவரத்தினம் சேர் கைத்தடியோடு வந்து பார்த்தார். மேல்தெருவின் வளைவை ஒட்டி மணல் அப்படியே அரிவாளாகப் படிந்திருந்தது. அவர் வரைந்த கோடு அச்சு அசலாகத் தரையில் கிடந்தது. தன் கணக்குச் சரி என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. விழுந்து கிடந்த சுவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்.

இவ்வளவையும் கேட்டவர்கள் நான் கடைசியில் நல்லது செய்தேன் என்று என்னைத் தேற்றுவார்கள். எனக்கு அது வேண்டாம். ஆவணியிலேயே அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லியிருந்தால் வேறு காணி தேடியிருப்பார்கள். முதலாளி தட்டிப் பறித்திருந்தாலும் ஒரு காணிதான் போயிருக்கும். நான் பொய் சொன்னதில் காணியும் போனது, கட்டின வீடும் போனது, காலமும் போனது. முப்பத்தாறு குடும்பமும் இன்னும் மூன்று வருஷம் பள்ளிக்கூடத்திலும் தகரக் கொட்டகையிலும் கிடந்தார்கள். பாக்கியத்தின் மாமியார் கொட்டகையிலேயே போய்ச் சேர்ந்தார். அவள் மூத்த பிள்ளை அங்கேதான் வயசுக்கு வந்தாள்.

பிறகு ரோட்டுக்கு மேலே வேறு காணியில் வீடு கிடைத்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு எனக்கும் சொல்லியனுப்பினாள். போனேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். சமையலறை, இரண்டு அறை, பிள்ளைகளுக்கென்று கதவு வைத்த ஒரு அறை. எல்லாம் சுற்றிக் காட்டினாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அதைப் பற்றி முதல் தடவையாகப் பேசினாள்.

"ஒன்னாலதான் நானும் எம் புள்ளைங்களும் உசுரோட இருக்கோம். ஒன்னாலதான் மூணு வருஷம் தெருவுல கெடந்தோம். ஒன்னைக் கும்புடுறதா, வையிறதான்னு எனக்கே தெரியலண்ணே."

"வையி பாக்கியம்" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். பிறகு, பிள்ளைகள் கேட்கும்படி, வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, வாய் ஓயாமல் வைதாள். வைது முடித்து மூச்சு வாங்கினபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.